வாக்கிங் ஸ்டான்ஸ்னா நீளமா குட்டையா? டேக்வாண்டோ தியரி ஷீட்ட பாத்து தலை சுத்துது, யாராச்சும் வெளக்குங்க

ஒத்தக்கடை செல்வி:

எல்லாருக்கும் வணக்கம். நான் டேக்வாண்டோ படிக்கிறவ இல்ல, என் பையன்தான் படிக்கிறான், ஒம்பது வயசு. நான் வீட்ல தையல் மிசின்ல உக்காந்துக்கிட்டே அவனுக்கு தியரி கேள்வி கேக்குற ஆளு, அம்புட்டுத்தான். முன்னாடி திருமங்கலத்துல இருந்தோம், அங்க ஒன்றரை வருசம் கிளாசுக்கு போனான், மஞ்ச பெல்ட்டும் வாங்கிட்டான். இப்ப ஒத்தக்கடைக்கு வீடு மாறி வந்ததும் இங்கிட்டே ஒரு கிளாஸ்ல சேத்துவிட்டேன். மொத நாளே மாஸ்டர் வாக்கிங் ஸ்டான்ஸ்ல (ஸ்டான்ஸ்னா கால் வச்சு நிக்கிற நிலை) நில்லுன்னாரு, இவன் காலை நல்லா அகட்டி நீளமா வச்சு முட்டிய மடக்கி நின்னான். "ஏண்டா, ரோட்டுல இப்புடியாடா நடந்து போவ"ன்னு அவரு கேக்க எல்லாப் பிள்ளைகளும் சிரிச்சிருச்சுக. அப்புறம் பாரோ ஜிருகின்னாரு, அது ஒரு வகைக் குத்து, இவன் குத்துன கை தப்பாம். தோள் உயரத்துல குத்துனதுக்கு கையப் புடிச்சு கீழ எறக்கிவிட்டாரு. புள்ள வண்டில வரும்போது ஒரு வார்த்த பேசல, வீட்டுக்கு வந்துதான் அழுதான்.

பழைய ஷீட்டையும் புது ஷீட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன், பாதி வார்த்தை வேற வேறயா இருக்கு. இன்னொண்ணு, பழைய ஷீட்ல வலது எல் ஸ்டான்ஸ்னு போட்டு எடது கால் முன்னாடி இருக்குற படம் இருக்கு, அது அச்சுப்பிழையா? தப்பு யாரு மேல, பையன் மேலயா, பழைய மாஸ்டர் மேலயா, புது மாஸ்டர் மேலயா?

பூம்சே பாண்டி:

அக்கா தப்பு பழைய கிளாஸ்லதான். வாக்கிங் ஸ்டான்ஸ்னா ஆப் சொகி, சாதாரணமா நடக்கும்போது டக்குனு நின்னா எப்புடி இருக்குமோ அப்புடி, ஒரு எட்டு தூரம், முட்டி மடங்கக் கூடாது. நீளமா மடக்கி நின்னா அது ஆப்குபி, வேற ஸ்டான்ஸ். ஒன்றரை வருசம் தப்பா சொல்லிக் குடுத்துருக்காங்க, காசு வேஸ்ட்.

மேலூர் கருப்பு பெல்ட்:

யோவ் பாண்டி, என்னன்னு தெரியாம அடுத்தவன் கிளாஸ தப்புன்னு சொல்லாதீரு. வாக்கிங் ஸ்டான்ஸ்னா கன்னுன் சொகி. நீளம் ஒன்றரை தோள் அகலம், பக்கவாட்டுல ஒரு தோள் அகலம், முன் முட்டி மடங்கணும், பின் கால் வெறைப்பா நீட்டி இருக்கணும், வெயிட் ரெண்டு கால்லயும் சரிபாதி. பையன் நின்னது நூத்துக்கு நூறு சரி. நான் பத்தொம்பது வருசமா நின்னுக்கிட்டு இருக்கேன்.

பூம்சே பாண்டி:

பத்தொம்பது வருசமா தப்பா நின்னுக்கிட்டு இருக்கீரு.

ஜிகர்தண்டா:

ரெண்டு பேரும் தமுக்கத்துக்கு வாங்க, டிக்கெட் போட்டு வித்துருவோம், நான் வாசல்ல கடை போட்டுக்குறேன்.

கொரியா ரிட்டர்ன்:

அடிச்சுக்காதீங்கப்பா. செல்வி அக்கா, ஒரே ஒரு கேள்வி. பழைய கிளாஸ்ல பையன் படிச்ச மொத பேட்டர்ன், அதான் வரிசையா செய்யுற அசைவுத் தொகுப்பு, அது பேரு என்ன, அதுல எத்தனை அசைவு? புது ஷீட்ல மொத பேட்டர்ன் எது, அதுல எத்தனை?

ஒத்தக்கடை செல்வி:

பழசுல சோன்-ஜி, 19. அத பையன் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான், வானம் பூமின்னு அர்த்தமாம். புதுசுல டேகுக் இல் ஜாங், 18ன்னு போட்டுருக்கு.

கொரியா ரிட்டர்ன்:

அப்ப முடிஞ்சது. யாரு மேலயும் தப்பில்ல. டேக்வாண்டோல ஐ.டி.எஃப்., டபிள்யூ.டி.ன்னு ரெண்டு உலக அமைப்பு இருக்கு, பையன் ஐ.டி.எஃப்.ல இருந்து டபிள்யூ.டி.க்கு மாறியிருக்கான், அத அவங்கிட்ட யாரும் சொல்லல. மேலூர் அண்ணனும் பாண்டியும் அவங்கவங்க ஊரு நாணயத்த கையில வச்சுக்கிட்டு மத்தவன்து செல்லாதுன்னு சண்டை போடுறாங்க.

மேலூர் கருப்பு பெல்ட்:

அட ஆமா, நான் மொதல்லயே கேட்டுருக்கணும். தங்கச்சி, கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்க.

டேக்வாண்டோங்குற பேரு 1955ல வந்தது, அதுக்குப் பின்னாடி இருந்தவரு கொரிய ராணுவ ஜெனரல் சோய் ஹாங் ஹி. அவருதான் 1966ல சியோல்ல ஐ.டி.எஃப்.ஆ ஆரம்பிச்சாரு. அப்புறம் அங்க அரசாங்கத்தோட ஒத்துப்போகாம 1972ல கனடாவுக்குப் போயிட்டாரு. அடுத்த வருசமே 1973ல சியோல்ல இன்னொரு அமைப்பு வந்துச்சு, அதுதான் இப்ப டபிள்யூ.டி., ஒலிம்பிக்ல பாக்குறோமே அது. பேரு ஒண்ணு, வெள்ள டிரஸ் ஒண்ணு, பெல்ட் கலரும் கிட்டத்தட்ட ஒண்ணு, ஆனா பேட்டர்ன் பூராம் வேற. எங்க பக்கம் டுல்னு சொல்லுவோம், மொத்தம் 24. பாண்டி பக்கம் பூம்சே, கலர் பெல்ட்டுக்கு டேகுக் ஒண்ணுலேர்ந்து எட்டு வரைக்கும், கருப்புக்கு மேல கோர்யோ, கும்காங்னு போகும்.

வம்பு எங்கன்னா, இங்கிலீஷ்ல பேரு வைக்கும்போது ரெண்டு பேரும் வாக்கிங் ஸ்டான்ஸ்ங்குற ஒரே பேர ரெண்டு வேற நிலைக்கு வச்சுட்டாங்க. எங்களுது நீளம், அவங்களுது குட்டை. எங்க கன்னுன் சொகிக்கு அவங்ககிட்ட கிட்ட வர்றது ஆப்குபி, அதுவும் அச்சு அசல் இல்ல, எங்களுக்கு வெயிட் பாதிப் பாதி, அவங்களுக்கு முன் கால்ல மூணுல ரெண்டு பங்கு.

குத்துற உயரமும் அப்புடித்தான். எங்களுக்கு நடு மட்டம்னா கௌண்டே, கை நம்ம தோள் உயரத்துல நிக்கணும், மேல் மட்டம் கண் உயரம், கீழ் மட்டம் தொப்புள். பையன் தோள் உயரத்துல குத்துனது அதனாலதான். பாண்டி, உங்க பக்கம் எப்புடி?

பூம்சே பாண்டி:

எங்களுக்கு மொம்தோங். ஒடம்புன்னு அர்த்தம், நெஞ்செலும்பு முடியுற குழிக்கு நேரா கை போகணும். மேல ஓல்குல், அதாவது மொகம், மூக்குக்கும் மேல் ஒதட்டுக்கும் நடுவுல. கீழ ஆரே. அண்ணே மொதல்ல பேசுனதுக்கு மன்னிச்சுக்கங்க, காலைல கடைய தெறந்த வேகத்துல டைப் பண்ணிட்டேன்.

அக்கா, பாரோ ஜிருகி வெவகாரம் இதவிட மோசம். பாரோன்னா நேர், பண்டேன்னா எதிர். எங்க கணக்குல முன்னாடி வலது கால் இருந்தா, எடது கையால குத்துறதுதான் பாரோ. நடக்கும்போது ஒரு கால் முன்னாடி போனா எதிர்க் கைதான முன்னாடி வீசும், அதனால அதுதான் நேர்னு நான் ஞாபகம் வச்சுக்குறேன். அதே பக்கத்துக் கையால குத்துனா பண்டே. ஐ.டி.எஃப்.ல அப்புடியே தலைகீழ். வலது கால் முன்ன, வலது கையால குத்து, அது அவங்களுக்கு பாரோ. ஆகமொத்தம் சோன்-ஜில ரெண்டாவது அசைவும் டேகுக் இல் ஜாங்ல ரெண்டாவது அசைவும் கை கால் கணக்குல ஒண்ணுதான், வலது கால எடுத்து வச்சு வலது கையால குத்துறது. அவங்க வாய்ல அது பாரோ, எங்க வாய்ல பண்டே. உங்க பையன் பாரோன்னதும் வலது கைய விட்டான்னா அவன் ஒழுங்கா படிச்சுருக்கான்னு அர்த்தம்.

ஒத்தக்கடை செல்வி:

இத படிச்சுட்டு பையன கூப்ட்டு சத்தமா வாசிச்சுக் காட்டுனேன். "அப்ப நான் மக்கு இல்லையாம்மா"ன்னு கேட்டான். மிசின நிறுத்திட்டேன் கொஞ்ச நேரம்.

அந்த எல் ஸ்டான்ஸ் படம் என்னண்ணே? அச்சுப்பிழைதான?

மேலூர் கருப்பு பெல்ட்:

இல்ல தங்கச்சி, படம் சரி. இதுல கருப்பு பெல்ட்காரனே தடுக்கி விழுவான். கன்னுன் சொகில எந்தக் கால் முன்னாடி இருக்கோ அதான் பேரு, வலது கால் முன்னன்னா வலது வாக்கிங் ஸ்டான்ஸ். நியுன்ஜா சொகி, அதான் எல் ஸ்டான்ஸ், அதுல பின்னாடி எந்தக் கால் இருக்கோ அதான் பேரு. வலது எல் ஸ்டான்ஸ்னா வலது கால் பின்னாடி, எடது கால் முன்னாடி. ஏன்னா அதுல வெயிட் நூத்துக்கு எழுவது பின் கால்ல, முப்பதுதான் முன்ன. எங்க மாஸ்டர் சொன்ன கணக்கு, எந்தக் கால் சொமக்குதோ அந்தக் காலுக்குத்தான் பேரு.

பூம்சே பாண்டி:

இதுல மட்டும் நாங்களும் அவங்களும் ஒத்துப்போறோம். எங்க ட்விட்குபிலயும் வலதுன்னா வலது கால் பின்னாடிதான். ட்விட்னா பின், ஆப்னா முன், குபின்னா மடக்கம். எந்த முட்டி மடங்கிச் சொமக்குதோ அதோட பேரு. ட்விட்குபி பின்மடக்கு, ஆப்குபி முன்மடக்கு. வார்த்தைலயே வெடை இருக்கு, ஆனா நம்ம ஷீட்ல இங்கிலீஷ்ல பேக் ஸ்டான்ஸ்னு மட்டும் போட்டு விட்டுர்றாங்க.

வைகைக்கரை மாணவி:

அண்ணா நடுவுல வர்றதுக்கு சாரி, நானும் ஐ.டி.எஃப்., அடுத்த மாசம் பிளாக் பெல்ட் டெஸ்ட். அப்ப கோஜுங் சொகிக்கு என்ன பண்றது? பாக்க எல் மாதிரியே இருக்கு, ஆனா வெயிட் பாதிப் பாதி. நான் டெஸ்ட் பேப்பர்ல பின் கால் பேர எழுதி மார்க் போச்சு.

மேலூர் கருப்பு பெல்ட்:

பாப்பா, அதுல முன் கால்தான் பேரு. ரெண்டு காலும் சமமா சொமந்தா முன் காலுக்கு மரியாதைன்னு வச்சுக்க. ட்விட்பல் சொகில, அதான் பின்கால் நிலைல, பின் கால்தான் பேரு, அதுல முன் கால் சும்மா தரையத் தொட்டுக்கிட்டு இருக்கு. அன்னுன் சொகில எடது வலது கெடையாது, எந்தப் பக்கம் கால எடுத்து வச்சாலும் அது அன்னுன் சொகிதான்.

கொரியா ரிட்டர்ன்:

நான் டேக்வாண்டோ ஆடுனவன் இல்ல, கொரியால ஒரு பேக்டரில நாலு வருசம் இருந்தேன், பாசை கொஞ்சம் ஒட்டிக்கிச்சு. அக்கா, இங்கிலீஷ் ஷீட்டத் தூக்கிப் போட்டுட்டு தமிழ் வழியா போங்க, ரொம்ப சுலபம். நெசமாத்தான் சொல்றேன்.

நியுன்ஜா என்ன தெரியுமா? கொரியன்ல நியுன்னு ஒரு எழுத்து இருக்கு, நம்ம 'ந' சத்தம். ஜான்னா எழுத்து. அந்த எழுத்து பாக்க அப்புடியே நம்ம 'ட' மாதிரி இருக்கும், மேலேர்ந்து கீழ ஒரு கோடு, கீழ வலப்பக்கமா ஒரு கோடு. வெள்ளக்காரனுக்கு அது எல் மாதிரி தெரிஞ்சுச்சு, எல் ஸ்டான்ஸ்னு வச்சான். நமக்கு என்னத்துக்கு எல்? ட நிலைன்னு சொல்லுங்க, பின் பாதமும் முன் பாதமும் ட போடுது.

கன்னுன்னா 'நடக்குற'. அன்னுன்னா 'உக்கார்ற'. சொகின்னா 'நிக்கிறது'. நடக்குற, உக்கார்றன்னு நாம எப்புடி சொல்றோமோ அதே மாதிரி அவங்க நுன்னு முடிக்கிறாங்க. இங்கிலீஷ்ல ஒவ்வொண்ணையும் தனியா மனப்பாடம் பண்ணணும், நமக்கு அச்சுல வார்க்குற மாதிரி வந்துரும்.

அப்புறம் வரிசை. ஷீட்ல 'கன்னுன் சொ பக்கத் பல்மொக் நஜுண்டே மக்கி'ன்னு இருக்கா? அப்புடியே முன்னாலேர்ந்து படிங்க: நடக்குற நிலைல, வெளி முன்கையால, கீழ, தடுப்பு. வினை கடைசில வருது, நம்ம பேச்சு மாதிரியே. மொத எப்புடி நிக்கிற, அப்புறம் எதால, எங்க, என்ன பண்ற. பையன்கிட்ட இந்த நாலு கேள்விய கேட்டுக்கிட்டே போங்க, புது வார்த்தை வந்தாலும் எங்க வைக்கணும்னு அவனுக்கே தெரியும். சொன்னா கை, கல்னா கத்தி, சொன்கல்னா கையோட கத்தி ஓரம். சொன்கல் டுங்னா அந்தக் கத்தியோட முதுகு. ஜுமொக் முஷ்டி, டுங் ஜுமொக் முஷ்டியோட முதுகு. யோப் பக்கம், சாகி உதை.

ஜிகர்தண்டா:

பக்கத்னா வெளியவா? பக்கத்து வீட்டுக்காரன் வெளிய. உள்ளவுக்கு என்ன?

கொரியா ரிட்டர்ன்:

அன். அன் பல்மொக்னா உள் முன்கை.

ஜிகர்தண்டா:

அண்ணன் உள்ள, பக்கத்து வீட்டுக்காரன் வெளிய. பெல்ட் குடுங்க, கெளம்புறேன்.

ஆசான் சிலம்பம்:

படிச்சுக்கிட்டே வந்தேன். தாயி, நான் கம்பு சொல்லிக்குடுக்குறவன், கொரியாக்காரன் ஆட்டம் தெரியாது. ஆனா இந்தச் சண்டை எனக்குப் புதுசில்ல. ஒரே வரிசைக்கு மேலூர்ப் பக்கம் ஒரு பேரு, உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பேரு. ஒரு வாத்தியார்ட்ட ஆடிட்டு இன்னொரு வாத்தியார்ட்ட போற பய, காலடிய மாத்த மாட்டான்னு இல்ல, அவனுக்கு எதுக்கு மாத்தச் சொல்றாங்கன்னு வெளங்காது. மொத வாத்தியார திட்டுறதா நெனச்சுக்குவான், மொகம் சுருங்கிப் போகும். அப்புடி வர்ற பயல்கள நான் மொத நாள் பேச விடமாட்டேன், ஆடச் சொல்லி பாப்பேன், எங்கருந்து வந்துருக்கான்னு காலப் பாத்தாலே தெரிஞ்சுரும். அந்த மாஸ்டரும் காலப் பாத்துருந்தா கண்டுபுடிச்சுருப்பாரு. சரி போகட்டும். நம்மூர்ப் புள்ள குத்துவரிசை படிக்காம அந்தூரு குத்துக்கு போறதுல எனக்கு மனத்தாங்கல்தான், அத தனியா பேசுவோம்.

மேலூர் கருப்பு பெல்ட்:

ஆசானே, அந்தத் தனிப் பேச்சு ஆரம்பிச்சா விடிஞ்சுரும்.

தங்கச்சி, பையனுக்கு கதை புடிக்கும்னா பேட்டர்ன் பேருகள சொல்லிக் குடு, அந்த எண்ணிக்கை சும்மா வச்சதில்ல. யுல்-கோக்ல 38 அசைவு, அந்தப் பேருல இருந்த கொரிய அறிஞர் பொறந்த ஊரு 38வது அட்சரேகைல இருக்கு. ஜூங்-குன்ல 32, ஜப்பான்காரன் இட்டோ ஹிரோபூமிய சுட்டதுக்காக ஆன் ஜுங் குன்ன 1910ல தூக்குல போட்டப்ப கொரியாக்காரங்க வயசுக் கணக்குல அவருக்கு 32. சாம்-இல்ல 33, 1919 மார்ச் 1ஆம் தேதி கொரிய விடுதலைப் போராட்டத்துல நின்ன 33 பேரு. சூங்-மூ கடைசி அசைவு எடது கை குத்துல முடியும், அந்தப் பட்டம் வாங்குன அட்மிரல் யி சுன் சின் தன் தெறமைய முழுசா காட்ட வாய்ப்பில்லாம செத்துப்போனாருன்னு காட்டத்தான். பாண்டி பக்கம் இந்த ஆள் பேரெல்லாம் கெடையாது, எட்டு டேகுக்கும் வானம், ஏரி, நெருப்பு, இடி, காத்து, தண்ணி, மலை, பூமின்னு போகும்.

பூம்சே பாண்டி:

சரியாச் சொன்னீங்க. அக்கா, சோன்-ஜின்னாலும் வானம் பூமி, டேகுக் ஒண்ணும் வானம்தான். அவன் பாட்டுக்கு வானத்துலேர்ந்து வானத்துக்கு மாறியிருக்கான்னு சொல்லுங்க. எங்க ஸ்டான்ஸ் பேர்ல மிருகமும் உண்டு, பொம் சொகி புலி நிலை, ஹக்தாரி சொகி கொக்குக் கால். சின்னப் புள்ளைக இத ஒரே நாள்ல புடிச்சுக்கும்.

ஒண்ணு மட்டும், டெஸ்ட்ல மாஸ்டர் கேட்டா எங்க பக்க வெடையத்தான் சொல்லணும். அங்க போய் நாங்க அப்புடித்தான் படிச்சோம்னு வாதாடக் கூடாது. பழச மறக்கவும் வேணாம்.

ஒத்தக்கடை செல்வி:

ரெண்டு நாள் கழிச்சு வர்றேன், கல்யாண பிளவுஸ் ஆர்டர் நெறைய.

அண்ணே, நீங்க ஒன்றரை தோள் அகலம்னு சொன்னீங்கல்ல, அதுதான் எனக்கு உடனே ஏறுச்சு, ஏன்னா ஷோல்டர் அளவுதான் என் பொழப்பு. இஞ்ச் டேப்ப எடுத்து பையன அளந்தேன், ஷோல்டர் 12 இஞ்ச். மொட்டை மாடில சாக்பீஸால நீளம் 18, அகலம் 12ன்னு கட்டம் போட்டேன், பெருவிரல்லேர்ந்து பெருவிரலுக்கு. மஞ்ச சாக்பீஸ்ல அது. பக்கத்துலயே வெள்ள சாக்பீஸ்ல, அவன நடக்கவிட்டு "நில்லு"ன்னு கத்தி, நின்ன எடத்துல பாதத்த வரஞ்சேன், அது ஆப் சொகி. மூணாவதா ஒரு பெரிய ட. இப்ப நான் 'கன்னுன்'னா மஞ்சள்ல குதிக்கிறான், 'ஆப்'னா வெள்ளைல, 'நியுன்ஜா'ன்னா டவுல. பாரோன்னு சொல்றதுக்கு முன்னாடி எந்தக் கிளாஸ்னு அவனே கேக்குறான். நேத்து அவங்க தாத்தா மேல வந்து ட மேல நின்னுப் பாத்தாரு, இடுப்பு புடிச்சுக்கிச்சு.

மாஸ்டர்கிட்ட போன்ல பேசுனேன். பையன் வேற அமைப்புல படிச்சவன் சார்னு சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமில்ல, அப்புறம் "அத மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா"ன்னாரு. எனக்கே அன்னைக்குத்தான் தெரியும்னு சொல்ல வாய் வந்துச்சு, விட்டுட்டேன். நாளைக்கு கிளாஸ்ல சோன்-ஜி பூரா செஞ்சு காட்டச் சொல்லியிருக்காரு, மத்த புள்ளைகளும் பாக்கட்டும்னாரு. பையன் இப்பவே டிரஸ்ஸ அயர்ன் பண்ணச் சொல்லி உசுர வாங்குறான்.

ஒரு சின்ன சந்தேகம் மட்டும் பாக்கி. ட நிலைல முன் பாதம் நேரா இருக்கணுமா, உள்ள திரும்பணுமா? சாக்பீஸ் அழியுறதுக்குள்ள சொல்லுங்க.

மேலூர் கருப்பு பெல்ட்:

எங்க கணக்குல ரெண்டு பாதமும் 15 டிகிரி உள்பக்கமா. நீளம் அதே ஒன்றரை தோள்தான், ஆனா பின் பாதத்து வெளி ஓரத்துலேர்ந்து முன் விரல் நுனி வரைக்கும் அளக்கணும். நாளைக்கு என்னாச்சுன்னு எழுது தங்கச்சி.

ஜிகர்தண்டா:

யக்கா, 15 டிகிரிக்கு வீட்ல டிகிரிமானி இருக்கா, இல்ல பிளவுஸ் கழுத்து வெட்டுற கண்ணளவா?

ஒத்தக்கடை செல்வி:

கண்ணளவுதான். இன்னைக்கு வரைக்கும் ஒரு பிளவுஸ் திரும்பி வந்ததில்ல.